பரம்பாகப் போன கதவு

அதைத் தரையில் போட வேண்டாம், ஆசாரி. சுவரில் சாய்த்து வையுங்கள். கனமாகத்தான் இருக்கும், தேக்கு. நாற்பது வருஷமாக மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடந்தது. அதற்கு முன்னால் ஒரே ஒரு பருவம் சேற்றில் கிடந்தது.

பரம்பு என்று பார்த்ததுமே சொல்லிவிட்டீர்கள். ஆமாம், பரம்புதான். உழுத சேற்றை நடவுக்கு முன்னால் மாடு கட்டி இழுத்துச் சமன் செய்கிற பலகை. ஆனால் பரம்பாவதற்கு முன்னால் இது கதவு. அதோ, பின்கட்டு அறை தெரிகிறதே, அதன் இரட்டைக் கதவில் வலது பக்கம். இடது பக்கம் இன்னும் நிலையிலேயே நிற்கிறது. மற்ற பாதிக்குத் தகரம் அடித்திருக்கிறது. தகரத்துக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கயிறு போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தப் பலகையை மறுபடியும் அங்கே மாட்ட வேண்டும். ஆறு மணி பஸ் வருவதற்குள் மாட்ட வேண்டும். அதற்குத்தான் காலையிலேயே ஆள் விட்டேன்.

ஆறு மணி பஸ்ஸில் என் தம்பி வருகிறான். சந்தானம். எனக்கு ஆறு வயது இளையவன். மனைவி போய்விட்டாள், பிள்ளை பெங்களூரில் இருக்கிறான், வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதனால் இங்கே வருகிறான். இரண்டு நாளுக்கு இல்லை, பெட்டியோடு வருகிறான். பின்கட்டு அறையில் எஸ்தர் டீச்சர் குடியிருக்கிறாள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஜூனில் வந்தவள். நாசரேத்துப் பக்கம். நாலரைக்கு வந்துவிடுவாள்.

புதுக் கதவு செய்து தருகிறேன் என்கிறீர்கள். எத்தனை நாள்? பார்த்தீர்களா, மூன்று நாள். மூன்று நாள் என்னிடம் இல்லை. அதுவும் இல்லாமல் இதில் தாழ்ப்பாள் இருக்கிறது பாருங்கள். எண்ணெய் விட்டு நேற்று நானே இழுத்துப் பார்த்தேன், நகர்கிறது. அந்தக் காலத்துக் கொல்லன் அடித்தது.

இழைத்துக்கொண்டே கேளுங்கள். நான் பேசினால் உங்களுக்குக் கை நின்றுவிடுமா? நிற்காது. சரி.

நான் கணிதம் படித்தவள், ஆசாரி. அந்தக் காலத்தில் பி.எஸ்ஸி. கும்பகோணத்தில் படித்துவிட்டு இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் சிங்காரவேலு நெல் கிடங்கில் கணக்கர். திருச்சியில் வேலை, சனிக்கிழமை வருவார், திங்கள் விடியலில் போவார். நிலம் என் பொறுப்பில் இருந்தது. பொம்பளை என்ன விவசாயம் பார்ப்பாள் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வயலைப் பார்த்தேன். பின்வாசலை ஒட்டி ஒண்ணரை ஏக்கர். முழுக்க மேடும் பள்ளமும். மேட்டில் கோரை மண்டும், பள்ளத்தில் நாற்று அழுகும். தண்ணீரை விட எந்த அளவுகோலும் பெரிதில்லை. ஒரு விரற்கடை மேடு இருந்தாலும் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தளம் என்றால் தளமாக இருக்க வேண்டும் இல்லையா? எனக்கு அது ஒரு பிடிவாதமாகவே ஆகிவிட்டது.

முதல் வருஷம் பனங்கட்டையைப் பிளந்து கட்டினேன். அது சேற்றில் படகு மாதிரி மிதந்து போனது. அப்புறம் ஏணியைப் படுக்கப்போட்டு, அதில் முள்ளைக் கட்டி, மேலே கல்லை வைத்தேன். வயல் முழுக்கச் சீப்பு வாரினது போலக் கோடு விழுந்தது. உடைந்த கட்டில் சட்டத்தையும் விடவில்லை. அதற்குப் பிறகுதான் நோட்டில் படம் போட்டுக் கணக்குப் பண்ணினேன். ஆறு அடி நீளம், ஒண்ணரை அடி அகலம், இரண்டு விரற்கடை கனம். முன்விளிம்பைச் சாய்வாகச் சீவ வேண்டும். ஒரு ஆள் மேலே நிற்க வேண்டும். அப்படி ஒரு பலகை கிடைத்தால் போதும்.

அந்த வருஷம்தான் சந்தானம் வந்திருந்தான். இருபத்துநாலு வயது. ஒரு வேலையும் நிலைக்கவில்லை. அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று நான்தான் வரவழைத்தேன். அப்பா போனபோது அவனுக்கு எட்டு வயது. இடுப்பில் தூக்க முடியாத வயதிலும் நான் தூக்கியிருக்கிறேன். பேச்சுக்காரன். அவன் வந்தால் வீட்டில் சிரிப்பாக இருக்கும்.

இன்னொருத்தியும் வீட்டில் இருந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை, நீலா. முழுப்பேர் நீலாயதாட்சி. இருபத்தேழு வயது. கட்டியவன் பினாங்குக்குக் கப்பல் ஏறினான், அப்புறம் ஒரு கடுதாசி இல்லை. அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தப் பின்கட்டு அறை அவளுக்கு என்று அவள் அப்பா கட்டியது. இந்தக் கதவு அவர் போட்டது.

நீலாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். முன்பெல்லாம் அப்படி இல்லை, அந்த வருஷம்தான் ஆரம்பித்தது. சந்தானம் கேலி செய்வான். "தாழ்ப்பாள் மகாராணி அந்தப்புரம் போயாச்சா?" என்பான். அவனுக்கு அவள் முறைக்காரி. கேலி செய்கிற முறைதானே, யார் என்ன சொல்ல முடியும்? நானும் சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள். சிரிக்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சந்தானம் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, அடுத்தது அத்தானோட ஆபீஸ் நாற்காலியைக் கட்டி இழுக்கப் போறியா?"

"ஆறடிக்குப் பலகை வேணுண்டா. தேக்காக் கிடைச்சா நல்லது."

"அந்த அளவுல ஒண்ணு வீட்டுலயே இருக்கேக்கா."

எழுந்து போய், பின்கட்டுக் கதவை விரல் முட்டியால் தட்டினான். உள்ளே நீலா இருந்தாள், கதவு சாத்தியிருந்தது. இரண்டு தட்டுத் தட்டிவிட்டு என்னைப் பார்த்து, "பலகை எப்படிப் பேசுது பாரு" என்றான்.

யோசனை அவனுடையது. அளந்து பார்த்தது நான். ஆறடி ஒரு அங்குலம், ஒண்ணரை அடி. என் நோட்டில் இருந்த படம் அப்படியே எழுந்து நின்ற மாதிரி இருந்தது.

நீலா வந்து நின்றாள். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அண்ணி, வேற எதையாவது எடுத்துக்குங்களேன்."

"என்ன இருக்கு இந்த வீட்டுல? நீயே சொல்லு."

"அப்ப இடது கதவை எடுத்துக்குங்க. தாழ்ப்பாள் இதுலதான் இருக்கு அண்ணி."

இடது கதவைப் பாருங்கள், நடுவில் ஒரு கணு இருக்கிறது. அந்த இடத்தில் பலகை சற்றுப் புடைத்திருக்கிறது. புடைத்த பலகையால் பரம்படித்தால் வயலில் வாய்க்கால் விழும். அதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். படம் போட்டுக்கூடக் காட்டினேன்.

"பாதிக் கதவு இருக்கே நீலா. முழுசா எடுக்கலையே."

"பாதிக் கதவுக்குப் பேரு கதவா அண்ணி?"

"ஒத்தைப் பொம்பளைக்கு இந்த வீட்டுல என்ன பயம்? யாரு இருக்கா இங்க அசலாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பார்த்ததில்லை. பிறகு, "சரி அண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் செய்த தவறு அது ஒன்றுதான், ஆசாரி. இடது கதவை எடுத்திருக்க வேண்டும். கணுவை இழைத்திருக்கலாம். அரை நாள் வேலை.

சந்தானமும் எங்கள் பண்ணையாள் அய்யாக்கண்ணுவும் கதவை, நிலைக்குழியில் சுழல்கிற குடுமியோடு தூக்கி எடுத்தார்கள். குடுமி இரண்டையும் அறுத்தாயிற்று. கயிறு கோக்க இரண்டு துளை போட்டோம். இதோ இருக்கிறதே, இதுவும் இதுவும். கதவை நிறுத்தினால் மேல் துளை சரியாகக் கண் உயரத்துக்கு வருகிறது. அதை மட்டும் முதலில் அடைத்துவிடுங்கள். கட்டை வைத்து அடியுங்கள், மெழுகு வேண்டாம். மெழுகைக் குத்தி எடுத்துவிடலாம்.

தாழ்ப்பாளை மட்டும் கழற்ற வேண்டாம் என்று நான் சொன்னேன். மேலே நிற்கிறவருக்குக் காலை ஊன்றப் பிடிப்பாக இருக்கும் என்று.

நான் நினைத்தபடியே ஆயிற்று. அந்தப் புரட்டாசி கடைசியில், புதன்கிழமை, பரம்படித்தோம். அய்யாக்கண்ணு மாட்டை ஓட்டினான், சந்தானம் பலகையில் நின்றான். சாயங்காலம் சேறு படிந்ததும் போய்ப் பார்த்தேன். வானம் முழுக்க வயலில் கிடந்தது. ஒரு கொக்கு இறங்க வந்து, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் மறுபடி மேலே போனது. வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "யாரு வேலை இது, வாத்தியாரம்மா வேலையா?" என்றார்கள். நான் வாத்தியார் இல்லை, படித்தவள் என்பதற்காக அப்படிச் சொல்வார்கள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

அதற்கு முன்னால் இரண்டு வாரம், கதவு இல்லாத அறையில் நீலா இருந்தாள். பாதிக்குப் புடவை கட்டித் தொங்கவிட்டாள். அப்புறம் தினமும் பொழுது சாய்ந்ததும் ஆட்டுக்கல்லை உருட்டி வாசலில் வைப்பாள். எவ்வளவு கனம் தெரியுமா? இரண்டு பேர் சேர்ந்து நகர்த்துகிற கல். தனியாக உருட்டுவாள். சிமெண்டுத் தரையில் கீறல் விழுந்தது. நான் கோபித்துக்கொண்டேன். "போன வருஷம் போட்ட தரை நீலா, உனக்கு என்ன கிறுக்கா?" என்றேன்.

ஒரு நாள் என் அறையில் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். என் மகன் அப்போது கைக்குழந்தை. சத்தம் கேட்டால் விழித்துக்கொள்வான். "பிள்ளை எழுந்துக்குவான், வேண்டாம்" என்றேன். இன்னொரு நாள், "அண்ணன் இந்தச் சனிக்கிழமை வந்துருமா?" என்று கேட்டாள். வருவார் என்றேன். விரலை மடக்கிக் கொஞ்ச நேரம் நின்றாள். வியாழன், வெள்ளி, சனி. என்னிடம் சொல்ல முடியாததை அண்ணனிடம் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது.

ஆட்டுக்கல் உருளும் சத்தம் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கேட்கும். அந்த வியாழக்கிழமை இரண்டு தடவை கேட்டது. இரண்டாவது தடவை, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். எதற்கு மறுபடியும் உருட்டுகிறாள் என்று நினைத்தேன். பிள்ளை புரண்டான். தட்டிக்கொடுத்தபடியே நானும் தூங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நடவு. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் நாளே நாற்றைப் பறித்து முடி முடியாகக் கட்டி வரப்பில் அடுக்கியாயிற்று. நடவாட்கள் முப்பது பேர் எட்டு மணிக்கு வருகிறார்கள். பறித்த நாற்றை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் இருக்க முடியும், சொல்லுங்கள்? அது உயிர் இல்லையா?

விடிந்ததும் பின்பக்கம் வந்தேன். புடவை ஒதுங்கிக் கிடந்தது. ஆட்டுக்கல் தள்ளி நின்றது. நீலா இல்லை. பின்வாசல் திறந்திருந்தது. வாசற்படியிலிருந்து வயல் ஆரம்பம், அதுதான் சொன்னேனே. முந்தாநாள் பரம்படித்த வயல். கொக்குகூடக் கால் வைக்காத வயல். அதன் நடுவே தடம்.

நீலாவின் தடம் எனக்குத் தெரியும். சின்னக் கால். வரப்பு வழியாகப் போகாமல் குறுக்கே போயிருந்தாள். ஆற்றுப் பக்கம். ரோட்டுப் பக்கம் போயிருப்பாள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொன்னேன். ரோட்டுப் பக்கமும் போகலாம், அந்த மூலையில் திரும்பினால் ரோடு. ஆனால் தடம் ஆற்றுப் பக்கம் போயிருந்தது. ஓடின தடம். ஓடினால் முன்விரல் மட்டும் ஆழமாகப் பதியும்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அய்யாக்கண்ணு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். அண்டை வயலுக்கு உழவுக்குப் போகிறவன்.

"அய்யாக்கண்ணு, மாட்டைப் பரம்புல பூட்டு."

"நேத்து முந்தாநாளே அடிச்சாச்சேம்மா. நெலம் கண்ணாடியாட்டம் கெடக்கு."

"மேடு தெரியுது. இன்னொரு தடவை ஓட்டு."

அவன் வயலைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை, வயலைத்தான் பார்த்தான்.

"தடம் கெடக்கும்மா."

"ஆடு போயிருக்கும்."

"ஆட்டுக்கு அஞ்சு வெரலாம்மா?"

"ஓட்டு அய்யாக்கண்ணு. நாத்து காயுது."

ஓட்டினான். வேறு என்ன செய்வான்? எங்கள் வயலில் வேலை, எங்கள் இடத்தில் வீடு. பலகையின் மேல் நிற்க ஆள் வேண்டும். சந்தானத்தைக் கூப்பிடவில்லை. அவன் திண்ணையில் கவிழ்ந்து படுத்திருந்தான், எழுப்ப மனம் வரவில்லை. நானே ஏறி நின்றேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன். அந்த வருஷம் வரைக்கும் எந்தக் குடும்பத்துப் பெண்ணும் பரம்பில் ஏறி நின்றதில்லை. மாடு இழுத்ததும் பலகை ஆடியது. காலை ஊன்றினேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இந்தத் தாழ்ப்பாள். இரும்பு, விடியற்காலைச் சில்லிப்பு. அந்தச் சில்லிப்பு அந்த விரலில் இன்னமும் இருக்கிறது. டாக்டர் சர்க்கரை என்கிறார்.

பின்வாசலில் ஆரம்பித்து ஆற்று வரப்பு வரைக்கும் ஒரு தடவை போனோம். திரும்பி ஒரு தடவை வந்தோம். அவ்வளவுதான். எட்டு மணிக்கு நடவு ஆரம்பமாயிற்று. மத்தியானத்துக்குள் வயல் பச்சையாகிவிட்டது.

சனிக்கிழமை அவர் வந்தார். தேடினார்கள். ஆற்றில் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, கடல் எட்டு மைல். எதுவும் கிடைக்கவில்லை. வேளாங்கண்ணியில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார். பினாங்குக்குப் புருஷனைத் தேடிப் போயிருப்பாள் என்று ஒருவர் சொன்னார். நானும் அதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அவள் கப்பலில் நிற்பது தெரிந்தது.

போலீஸ்காரர் வந்து வயலைப் பார்த்தார். "சேத்துல கால்தடம் ஏதாவது பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். "நீங்களே பாருங்க" என்றேன். பார்த்தார். நட்ட வயலில் முப்பது பேரின் தடம் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, ஆசாரி. பார்க்கச் சொன்னேன், பார்த்தார்.

என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். "புதன்கிழமை அடிச்ச வயல்ல வெள்ளிக்கிழமை எதுக்குப் பரம்படிச்சே?" மேடு தெரிந்தது என்றேன். தலையை ஆட்டினார். அன்றைக்குப் பரணில் ஏற்றினார் இந்தப் பலகையை. இறக்கவே விடவில்லை. அதற்குப் பிறகு முப்பத்துநாலு வருஷம் உயிரோடு இருந்தார். என்னோடு நன்றாகத்தான் இருந்தார். ஆனால் அந்த வயலில் அவர் இறங்கவே இல்லை.

சந்தானம் பத்து நாளில் கிளம்பிவிட்டான். மில்லில் வேலை கிடைத்தது. கல்யாணம், பிள்ளை, எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவன் தாலி கட்டும்போது பின்னால் நின்று விளக்குப் பிடித்தவள் நான்தான்.

வயல்தான் ஒழுங்காகவில்லை. அடுத்த வருஷம் வேறு பரம்பு வாங்கினோம். அப்புறம் டிராக்டர். போன வருஷம் லேசர் மிஷின் வந்தது, கம்பம் நட்டுக் கதிர் விட்டு மட்டம் பார்க்கிற மிஷின். அந்தப் பையன் கருவியைக் காட்டினான். "ஒரு செண்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை பாட்டி" என்றான். சரி என்றேன். தண்ணீரை வடித்துவிட்டுப் போய் நின்றேன். எல்லா இடமும் வடிந்துவிட்டது. பின்வாசலிலிருந்து ஆற்று வரப்பு வரைக்கும் சின்னச் சின்னதாகத் தண்ணீர் நின்றது. ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். ஒவ்வொரு வருஷமும் நிற்கிறது. மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினால் "எங்கேம்மா?" என்கிறார்கள். மட்டம் பார்க்கத் தெரியாதவர்கள்.

நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைக்கிறீர்கள், இழைப்புளி நின்றுவிட்டது. இப்போது என்ன அவசரம் என்று.

போன மாதம் ஆயுத பூஜை விடுமுறைக்குச் சந்தானம் வந்து நாலு நாள் தங்கினான். அறுபத்துநாலு வயது, தலை நரைத்துவிட்டது. எஸ்தரிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசினான். "டீச்சரம்மா, எனக்கும் ஏ பி சி டி சொல்லித் தருவீங்களா?" என்றான். நானும் சிரித்தேன். அவன் போன மறுநாள் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அந்தத் தகரத்துக்கு உள்ள ஒரு தாழ்ப்பா போட்டுத் தருவீங்களா?"

ஏன் என்று நான் கேட்கவில்லை. போட்டுத் தருகிறேன் என்றேன். முந்தாநாள் அவன் போன் பண்ணி, வந்து இருந்துவிடுகிறேன் அக்கா என்றான். வா என்றேன். தம்பி, வேறு என்ன சொல்வது? அன்றைக்கே பரணில் ஏறினேன், எழுபது வயதில்.

என்ன சொன்னீர்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

கதவு போட்டுத் தருகிறேன், ஆனால் வருகிறவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்கிறீர்கள். கதவு எதற்கு என்கிறீர்கள். எல்லாருக்கும் சுலபமாக இருக்கிறது, ஆசாரி. உங்களுக்குத் தம்பி உண்டா? உண்டு இல்லையா? இடுப்பில் தூக்கியிருக்கிறீர்களா? நான் அவனை என்னவென்று சொல்வது? நான் எதைப் பார்த்தேன்? தடம் பார்த்தேன். தடத்தைத் தவிர என்ன பார்த்தேன்?

ஒன்று சொல்லட்டுமா. இதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கையில் இருக்கிற உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

நீலாவின் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம் போயிருந்தது. பெரிய கால். வலது சுண்டுவிரல் சேற்றில் பதியாது, சின்ன வயதில் மாட்டு வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கின விரல். மருந்து வைத்துக் கட்டினவள் நான். போனது இரண்டு பேர் தடம். திரும்பியது ஒருவர் தடம்.

கூப்பிட்டு வரத்தான் ஓடியிருப்பான். அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பயந்து ஓடுகிறாள், வாம்மா வீட்டுக்கு என்று பின்னால் ஓடுகிறான், அவள் கேட்கவில்லை. அப்படியும் இருக்கலாம் இல்லையா? நாற்பது வருஷமாக அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது சொல்லிவிடுவான்.

மணி என்ன? மூன்றா? அப்படியானால் திருவாரூர் வந்திருப்பான். அங்கேதான் பஸ் மாற வேண்டும்.

அந்தப் போனை இப்படிக் கொடுங்கள். சந்தானம் என்று இருக்கும், அழுத்துங்கள். எனக்குக் காது மந்தம், சத்தமாக வருகிற மாதிரி வையுங்கள். நீங்களும் கேட்கலாம். நீங்கள் கேட்க வேண்டும்.

"சந்தானம்? அக்காடா. எங்க இருக்கே? திருவாரூரா. ஆமா... இல்ல, மீன் ஒண்ணும் வாங்க வேண்டாம். சந்தானம், நீ இங்க வர வேண்டாண்டா. இன்னிக்கின்னு இல்ல. எப்பவுமே வேண்டாம்."

...

வைத்துவிட்டான்.

என்ன சொன்னான் என்று நீங்களும் கேட்டீர்கள்தானே? "சரிக்கா" என்றான். பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் "சரிக்கா". அவ்வளவுதான். பெட்டி படுக்கையோடு பாதி வழி வந்த மனிதனை, கூடப்பிறந்தவள் வராதே என்கிறாள். கோபம் வராதா? திட்ட மாட்டானா? உனக்கு என்ன பைத்தியமா என்று கேட்க மாட்டானா?

நான் அதற்காகத்தான் காத்திருந்தேன், ஆசாரி. "ஏன்க்கா?" என்று ஒரு வார்த்தை அவன் கேட்டிருந்தால், வாடா என்று சொல்லியிருப்பேன்.